‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று பேப்பரில் வருகிறதே, அதற்குக் கோர்ட்டில் என்ன மதிப்பு?

நம்ம ஊர்ப் பத்திரிகைகளில் கொலைச் செய்தி எந்த வரிசையில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் சம்பவம். அடுத்த நாள் கைது. அதற்கடுத்த நாள் ‘பரபரப்பு வாக்குமூலம்’. கைதானவர் போலீசிடம் சொன்னதை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டதுபோல, “நான்தான் வெட்டினேன், ஆத்திரம் தாங்க முடியவில்லை” என்று அவரே பேசுகிற மாதிரி அரைப் பக்கத்துக்குப் போடுவார்கள். டீக்கடையில் அதைப் படித்துவிட்டு, அதான் ஒத்துக்கிட்டானே, அப்புறம் எதுக்குக் கேஸு என்று பேசிக்கொள்வோம். சில வருடம் கழித்து அதே ஆள் விடுதலை என்று உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்தால் ஜட்ஜைத் திட்டுவோம், இல்லாவிட்டால் வக்கீலைத் திட்டுவோம்.

அந்த அரைப் பக்கத்தில் ஒரே ஒரு வரியைத் தவிர மற்றது எதுவும் கோர்ட்டில் சாட்சியமாக நிற்காது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் வக்கீல் இல்லை, தீர்ப்புகளைப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். ஆனால் நாலைந்து கொலை வழக்குத் தீர்ப்புகளைத் தொடர்ந்து படித்தாலே போதும், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நம்ம ஊரில் பாதி வழக்குகள் ஓடுகின்றன என்பது யாருக்கும் பிடிபட்டுவிடும்.

சட்டம் சொல்வது ரொம்ப நேரானது. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதை அவருக்கு எதிராக நிரூபிக்கவே கூடாது. இது 1872-ஆம் வருட இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், மாஜிஸ்ட்ரேட் அங்கேயே இருந்தாலொழிய, அதுவும் செல்லாது. இது 26-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டம் போய் பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் வந்துவிட்டது. அதில் இரண்டையும் சேர்த்து 23-வது பிரிவாக வைத்திருக்கிறார்கள். பெயர் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. ஏட்டிடம் சொன்னாலும் சரி, டி.ஜி.பி.யிடம் சொன்னாலும் சரி, கோர்ட்டைப் பொறுத்தவரை அவர் வாயைத் திறக்கவே இல்லை என்று கணக்கு.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. பீகாரில் 1963-ல் அக்னு நாகேசியா என்பவர் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், தன் பெரியம்மா உட்பட நாலு பேரைக் கொன்றுவிட்டதாகச் சொல்கிறார். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, யாரும் கூப்பிடக்கூட இல்லை. அவர் சொன்னதையே எஃப்.ஐ.ஆராக எழுதிக்கொள்கிறார்கள். உடல்கள் கிடந்த இடத்தையும் ஆயுதத்தையும் அவரே காட்டிக்கொடுக்கிறார். கீழ்க்கோர்ட்டில் தூக்கு, ஹைகோர்ட்டில் அதே தூக்கு. சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்துவிட்டது. அந்த எஃப்.ஐ.ஆர். முழுக்க முழுக்க ஒப்புதல் வாக்குமூலம், அதில் ‘கொன்றேன்’ என்பதை மட்டும் அடித்துவிட்டு, ஏன் போனேன், எப்படிப் போனேன் என்ற மற்றதைப் படித்துக்கொள்ளவும் முடியாது. உடல்களையும் ஆயுதத்தையும் காட்டிக்கொடுத்ததைப் பற்றிய வரி மட்டும் நிற்கும், அது மட்டும் தண்டனைக்குப் போதாது என்றார்கள். முதன்முதலில் படித்தபோது எனக்கும் இது அநியாயமாகத்தான் பட்டது. தானாக வந்து சொன்ன மனிதனையே நம்பமாட்டோம் என்று ஒரு நாட்டின் சட்டம் ஏன் எழுதி வைக்கவேண்டும்?

அதற்கான பதில் சென்னை மாகாணத்தில் இருக்கிறது. 1854-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். (இந்த நார்ட்டன், பின்னாளில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரசுத் தரப்புக்கு வாதாடிய எர்ட்லி நார்ட்டனின் அப்பா.) 1855-ல் அறிக்கை வந்தது. புகார்கள் ஆயிரத்துக்கு மேல் குவிந்திருந்தன. அந்தக் காலத்தில் தாசில்தார்தான் வரி வசூலிப்பவர், அவரேதான் போலீஸும், ஆகவே கிஸ்தி கட்டாதவனுக்கும் களவுப் பழி விழுந்தவனுக்கும் ஒரே கைகள், ஒரே முறைகள். அறிக்கையில் இரண்டு முறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரல்களை வைத்து நெரிப்பது. இன்னொன்று அண்ணாந்தாள், கழுத்தையும் காலையும் சேர்த்துக் கயிற்றாலோ அவனுடைய வேட்டியாலோ கட்டி, குனிந்த வாக்கிலேயே வெயிலில் விட்டுவிடுவது. இங்கிலீஷ் அறிக்கையில் தமிழ்ப் பெயர்களை அப்படியே எழுதியிருக்கிறார்கள், மொழிபெயர்க்க அவர்களிடம் வார்த்தை இல்லை போலிருக்கிறது.

இதெல்லாம் கையில் இருந்த நிலையில்தான் 1861-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதன்முறையாக இந்தத் தடை வருகிறது. வழக்கில் துப்பு கிடைக்காவிட்டால், ஊரில் ஏற்கெனவே கெட்ட பெயர் உள்ள யாரையாவது பிடித்து ஒத்துக்கொள்ள வைத்துவிடுகிறார்கள் என்று அன்றைய சட்டக் கமிஷன்காரர்களே எழுதியிருக்கிறார்கள். பிறகு 1872-ல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் சாட்சியச் சட்டத்தை எழுதும்போது அந்தப் பிரிவுகளை அப்படியே எடுத்து 25, 26, 27 என்று வைத்தார். இந்தியாவில் வேலை பார்த்த ஒரு அதிகாரி தன்னிடம் சொன்னதாக ஸ்டீஃபன் பின்னால் ஒரு விஷயத்தை எழுதினார்: வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் சௌகரியமாக உட்கார்ந்து ஒரு பாவப்பட்டவன் கண்ணில் மிளகாய்த்தூளைத் தேய்ப்பது எவ்வளவோ சுகம். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் இதைவிடத் துல்லியமாக இந்தப் பிரச்சினையைச் சொன்னவர்கள் யாரும் எனக்குத் தென்படவில்லை. போலீஸ்காரர் கெட்டவர் என்று இதில் இல்லை. சுலபமான வழி ஒன்று திறந்திருந்தால் எந்த மனிதனும் கஷ்டமான வழியில் போகமாட்டான் என்பதுதான் இருக்கிறது. சட்டம் அந்தச் சுலபமான வழியை மூடப் பார்த்தது.

ஆனால் ஒரு சந்து விட்டது. அதுதான் பழைய சட்டத்தின் 27-வது பிரிவு (புதுச் சட்டத்தில் இதுவும் 23-க்குள்ளேயே இருக்கிறது), அதுதான் நான் முதலில் சொன்ன அந்த ஒரு வரி.

காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஏதாவது ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் கோர்ட்டில் சொல்லலாம். யோசனை நல்ல யோசனைதான். அடித்து வாங்கிய பேச்சு பொய்யாக இருக்கலாம், ஆனால் புதருக்குள் கிடந்த அரிவாள் பொய்யாக இருக்க முடியாதே. அது அங்கே இருப்பது இவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதாவது நிஜம்தானே. ஒரு உதாரணம் சொல்கிறேன். “குமாரை வெட்டிய அரிவாளைக் கண்மாய்க்கரைக் கருவேலம் புதரில் போட்டிருக்கிறேன், கூட்டிப்போனால் எடுத்துத் தருகிறேன்” என்று ஒருவன் சொன்னதாக வைத்துக்கொள்வோம். அதில் ‘அரிவாளைப் புதரில் போட்டிருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்’ என்பது உள்ளே வரும். ‘குமாரை வெட்டிய’ என்பது வராது. அந்த அரிவாள்தான் குமாரை வெட்டியது என்பதைப் போலீஸ் வேறு வழியில், ரத்தத்தை வைத்தோ காயத்தின் அளவை வைத்தோ பார்த்தவரை வைத்தோ, தனியாக நிரூபிக்கவேண்டும்.

இந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்த வழக்கும் சென்னை மாகாணத்து வழக்குதான். புலுகுரி கோட்டையா வழக்கு. குண்டூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு கோஷ்டிகளுக்குள் அடிதடியாகிக் கொலையில் முடிந்த விவகாரம். குளத்து மூலையில் காத்திருந்து அடித்துக் கொன்றோம், ஈட்டியையும் கம்பையும் வைக்கோல் போரில் ஒளித்து வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன் என்று கோட்டையா சொன்னதாகப் போலீஸ் எழுதியிருந்தது. அரசுத் தரப்பு முழுவதையும் உள்ளே கொண்டுவரப் பார்த்தது. வழக்கு அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1946 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் சர் ஜான் போமாண்ட். கண்டுபிடிக்கப்பட்டது கத்தி அல்ல என்றார் அவர், கத்தியை மனிதன் கண்டுபிடித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது; கண்டுபிடிக்கப்பட்டது, இந்த இடத்தில் கத்தி இருப்பது இந்த ஆளுக்குத் தெரியும் என்கிற விஷயம். அதற்கு மேல் அந்தப் பொருளின் பழைய கதையெல்லாம் வரக்கூடாது.

அதே தீர்ப்பில் அவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துவிட்டாலே வாக்குமூலம் முழுவதும் உள்ளே வந்துவிடும் என்று ஆக்கிவிட்டால், அந்த இரண்டு வார்த்தையைச் சேர்க்க வைக்கும் ‘எடுத்துச் சொல்லும் திறமை’ போலீசிடம் இல்லாமல் போகாது, பிறகு தடை என்று ஒன்று இருந்தும் பிரயோஜனம் இல்லை என்று. இங்கிலீஷ்காரன் மரியாதையாக நக்கல் அடிப்பது இப்படித்தான்.

வாக்குமூலம் முழுவதும் உள்ளே வராமல் அவர் தடுத்துவிட்டார், சரி. ஆனால் அந்தத் ‘திறமை’ வேறு பக்கம் திரும்பியது. எல்லா வழக்கிலும் ஏதாவது ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட ஆரம்பித்தது.

செஷன்ஸ் தீர்ப்புகளில் வருகிற வாசகங்கள் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்கும். “என்னை அழைத்துச் சென்றால் நான் மறைத்து வைத்துள்ள கத்தியை எடுத்து ஆஜர் செய்கிறேன்.” இருபது வயதுப் பையனும் இதையேதான் சொல்கிறான், அறுபது வயதுக் கிழவரும் இதையேதான் சொல்கிறார். வீட்டில் யாராவது ‘ஆஜர் செய்கிறேன்’ என்று பேசி நீங்கள் கேட்டதுண்டா? ஸ்டேஷன் ரைட்டருடைய தமிழ் அது. பிறகு சாட்சிகள் முன்னிலையில் மகஜர் (பார்த்ததையும் எடுத்ததையும் எழுதிக் கையெழுத்து வாங்குகிற தாள்) எழுதிக் கத்தியைக் கைப்பற்றுவார்கள். பார்வை மகஜர் ஒன்று, கைப்பற்றிய மகஜர் ஒன்று, இரண்டிலும் இரண்டிரண்டு கையெழுத்து.

அந்தக் கையெழுத்து அனேகமாக வி.ஏ.ஓ.வுடையதாகவும் தலையாரியுடையதாகவும் இருக்கும். என் சித்தி மகன் ஒருவன் தென்மாவட்டம் ஒன்றில் வி.ஏ.ஓ.வாக இருக்கிறான். ஒரு கல்யாண வீட்டில் வைத்து இதைப் பற்றிக் கேட்டேன். ராத்திரி போன் வருமாம், “சார், காலையில ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க” என்று. போனால் வாக்குமூலம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கும். அங்கிருந்து ஜீப்பில் ஏறி இடத்துக்குப் போவார்கள், அவன் கண் முன்னாலேயே பொருளை எடுப்பார்கள். “எடுத்ததை நான் பார்த்தேன் அண்ணே, அது பொய் இல்லை. அங்க இருக்குன்னு அவன் சொன்னதை நான் கேக்கலை. ஆனா ரெண்டுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து” என்றான். சட்டத்துக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதான், குற்றம்சாட்டப்பட்டவன் வாயிலிருந்து வந்த தகவல். பொருள் இருக்குமிடம் போலீசுக்கு முன்பே தெரிந்திருந்தால் அது 27-க்குள் வரவே வராது. எனக்குத் தெரிந்து அந்தப் பிரிவின் உயிரே அவன் தகவலைச் சொல்கிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது, அந்த ஐந்து நிமிடத்தில் அறைக்குள் போலீசைத் தவிர வேறு யாரும் இல்லை. இதில் என் சித்தி மகனுக்கு உள்ள தனிப்பட்ட வருத்தம் வேறு: வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய் வருடக்கணக்கான பின்பு சம்மன் வரும், லீவு போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்க் கூண்டில் நின்றால், குறுக்கு விசாரணையில் வக்கீல் அவனை போலீசின் கையாள் என்பார், ‘தெரியாது, ஞாபகமில்லை’ என்று சொன்னால் அரசு வக்கீல் பிறழ் சாட்சி என்பார்.

சுப்ரீம் கோர்ட் இதைக் கவனிக்காமல் இல்லை. மனைவியையும் நாலு பெண் குழந்தைகளையும் கொன்றதாகத் தூக்குத் தண்டனை பெற்ற ராமானந்த் என்ற உத்தரப் பிரதேசத்துக்காரரை 2022 அக்டோபரில் விடுதலை செய்தபோது, முறை எப்படி இருக்கவேண்டும் என்று படிப்படியாக எழுதினார்கள். முதலில் சாட்சிகளை ஸ்டேஷனுக்கு வரவழைக்கவேண்டும். அவர்கள் காதுபடக் குற்றம்சாட்டப்பட்டவர் தன் சொந்த வார்த்தையில் சொல்லவேண்டும். அதை அப்படியே எழுதவேண்டும். அதற்குப் பிறகுதான் எல்லோரும் கிளம்பவேண்டும். அந்த வழக்கில், அவர் சரியாக என்ன சொன்னார் என்பதை விசாரணை அதிகாரி கூண்டில் ஏறிச் சொல்லவே இல்லை. தூக்கு வரை போன வழக்கில் இது.

நம்ம மாநிலத்துக்கென்றே இன்னொரு வழி உண்டு. தமிழ்நாட்டுக் கொலைத் தீர்ப்புகளைப் படிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொலை செய்தவர், சொந்தபந்தம், நண்பர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று அத்தனை பேர் இருக்கும்போது, நேராக வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய், முன்பின் பழக்கமில்லாத அவரிடம் மனசைத் திறந்து எல்லாவற்றையும் சொல்வார். வி.ஏ.ஓ. எழுதிக் கையெழுத்து வாங்கி, ஆளையும் தாளையும் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். வி.ஏ.ஓ. போலீஸ் இல்லையே, ஆகவே 25-வது பிரிவு தடுக்காது. போலீஸ் விசாரணை ஆரம்பித்த பிறகு கிராம மாஜிஸ்ட்ரேட் யாரும் வாக்குமூலம் எழுதக்கூடாது என்று சென்னை ஹைகோர்ட்டின் குற்றவியல் நடைமுறை விதிகளில் 72-வது விதி ஒன்று இருந்தது. இப்போதுள்ள வி.ஏ.ஓ. அந்தப் பழைய கிராம மாஜிஸ்ட்ரேட் இல்லை, அவரிடம் சொன்னதை ஏற்கலாம் என்று சிவக்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஏற்கலாமே தவிர நம்பித்தான் ஆகவேண்டும் என்று இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் எதற்காகச் சொல்லவேண்டும் என்று கேட்டு ஜட்ஜுகள் தள்ளிவிட்ட தீர்ப்புகள் ஏகப்பட்டவை இருக்கின்றன. அப்படியும் புது வழக்குகளில் இது வந்துகொண்டேதான் இருக்கிறது.

போலீஸ் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பகலில் நடுத்தெருவில் நடந்த கொலைக்குக்கூடப் பார்த்தவர் வாய் திறக்கமாட்டார், திறந்தவர் விசாரணைக்குள் பிறழ்ந்துவிடுவார். ஒரு இன்ஸ்பெக்டர் காலையில் பந்தோபஸ்து, மத்தியானம் கோர்ட், சாயங்காலம் அமைச்சர் வருகை என்று ஓடிவிட்டு இடைப்பட்ட நேரத்தில்தான் கொலை விசாரணை செய்கிறார். கைப்பற்றிய அரிவாளை லேபுக்கு அனுப்பினால் ‘மனித ரத்தம், எந்த வகை என்று கண்டறிய முடியவில்லை’ என்று பதில் வரும், அந்தக் காகிதத்தை வைத்து அவர் என்ன செய்வார்? வெயிலில் அலைந்து சாட்சியம் தேட ஆளும் நேரமும் கருவியும் கொடுக்காமல், நிழலில் உட்காராதே என்று மட்டும் சொன்னால் நடக்காது.

ஆனால் அந்த நிழலில் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்ததுதானே. கைதான ரவுடி பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு நிற்கிற போட்டோவுக்கு நாம் மீம் போட்டுச் சிரிக்கிறோம். ‘ஆயுதத்தை மீட்கச் சென்ற இடத்தில்’ என்று ஆரம்பிக்கும் என்கவுண்டர் செய்திகளையும் கொஞ்சம் கவனியுங்கள், அது இந்த 27-வது பிரிவுப் பயணம்தான். 2024 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில் கைதான ஒருவர் ஆயுதத்தை எடுத்துக் கொடுக்க மாதவரம் பக்கம் அழைத்துச் செல்லப்பட்ட இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். தப்பிக்கப் பார்த்தார், சுட்டார், திருப்பிச் சுட்டோம் என்பது போலீஸ் சொன்னது. அதற்குள் நான் போகவில்லை. சாட்சியம் சேகரிப்பதற்கென்று சட்டம் கொடுத்த ஒரு ஏற்பாடு, குற்றம்சாட்டப்பட்டவர் கோர்ட்டையே பார்க்காமல் முடிகிற இடமாகவும் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சந்து போதாது, கதவையே திறந்துவிடுவோம் என்று அரசாங்கம் முடிவு செய்த காலமும் உண்டு. பயங்கரவாதத்தைத் தடுக்க வந்த தடா சட்டத்தின் 15-வது பிரிவு. எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள போலீஸ் அதிகாரி எழுதிக்கொண்ட வாக்குமூலம் நேரடியாகச் சாட்சியம் ஆகும். இது என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு அளவுக்குப் பார்த்த மாநிலம் குறைவு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனிக்கோர்ட் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட் இது தடா சட்டத்தில் சொல்லும் பயங்கரவாதக் குற்றமே இல்லை என்று சொல்லி, 19 பேரை வெளியே விட்டு, நாலு பேருக்குத் தூக்கையும் மூன்று பேருக்கு ஆயுளையும் கொடுத்தது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. தடாக் குற்றம் நிற்கவில்லை, தடா வாக்குமூலம் நிற்கிறது. எத்தனை தரம் படித்தாலும் இது எனக்கு ஜீரணம் ஆவதில்லை.

அந்த நாலு பேரில் ஒருவர் பேரறிவாளன், கைதானபோது வயது 19. அவருக்கு எதிராக நின்ற முக்கியமான விஷயம் இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தது. வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன் ஓய்வு பெற்ற பிறகு 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார், 2017-ல் சுப்ரீம் கோர்ட்டில் பிரமாணப் பத்திரமாகவும் கொடுத்தார்: பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று. ஒரு வாக்கியம். எழுதாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் அடித்து வாங்கியதாக இல்லை, எழுதும்போது விட்டதாக. 2022 மே 18-ல் சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தபோது முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அதிகாரியின் பதவி பெரிதாக இருந்தால் வாக்குமூலம் சுத்தமாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் இதற்கு ஏதாவது பதில் வைத்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. 2003-ல் மளிமத் கமிட்டி, எஸ்.பி. முன்னால் ஒலி, ஒளிப்பதிவோடு கொடுத்த வாக்குமூலத்தை எல்லா வழக்கிலும் ஏற்கலாம் என்று பரிந்துரை செய்தது. நல்லவேளை, புதுச் சட்டம் எழுதியபோதும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

தடா போய்விட்டது, அதற்குப் பின் வந்த பொடாவும் போய்விட்டது. ஆனால் ‘போலீஸ் அதிகாரி’ என்றால் யார் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. போதைப்பொருள் வழக்குகளில் அதிகாரிகள் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 67-வது பிரிவில் வாங்கிய வாக்குமூலத்தை வைத்தே பல வருடம் தண்டனை கொடுத்து வந்தார்கள், அவர்கள் போலீஸ் இல்லையாம். தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற நம்ம மாநிலத்து வழக்கில் 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை நிறுத்தியது. ஆனால் அமலாக்கத் துறைக்கு வேறு கணக்கு. சம்மன் அனுப்பி வரவழைத்து வாங்குகிற வாக்குமூலம் செல்லும், அவர்கள் போலீஸ் இல்லை என்று 2022-ல் விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் சொல்லிவிட்டார்கள். பதினெட்டு மணி நேர விசாரணை என்று செய்தி படிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சொல்வது அரைப் பக்கச் செய்தியோடு போய்விடாது, அது கோர்ட்டுக்குப் போகும்.

போலீஸ் ஸ்டேஷனே குற்றம் நடந்த இடமானால் சாட்சியம் யார் எடுப்பது? சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் 2020 ஜூனில் இறந்தபோது இந்தக் கேள்வி வந்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்ட்ரேட்டுக்கே ஸ்டேஷனில் ஒத்துழைப்பு இல்லை. கேமரா இருந்தது, பதிவு வைக்கத் தேவையான இடமும் கம்ப்யூட்டரில் இருந்தது, ஆனால் தினமும் தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். சாட்சியத்தைக் காப்பாற்ற, ஸ்டேஷனையே வருவாய்த் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மதுரை ஹைகோர்ட் உத்தரவு போட்டது. 1855-ல் தாசில்தாரிடமிருந்து குடிமக்களைக் காப்பாற்றவேண்டும் என்று ஆரம்பித்த கதையில், 2020-ல் போலீசிடமிருந்து சாட்சியத்தைக் காப்பாற்ற தாசில்தாரைக் கூப்பிட்டார்கள். கடைசியில் வழக்குக்கு முதுகெலும்பாக ஆனது அன்று இரவு ஸ்டேஷனில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி பயத்தோடு கொடுத்த வாக்குமூலம். அதையும் கையெழுத்துப் போட வைப்பதற்குள் மாஜிஸ்ட்ரேட்டுக்குப் பெரும்பாடு ஆகிவிட்டது.

அதே வருடம் டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா, பதிவுகளை 18 மாதம் வைக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. பிறகு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு வந்தது, சோதனை போடுவதையும் பொருள் கைப்பற்றுவதையும் செல்போனிலாவது வீடியோ எடுத்தே ஆகவேண்டும் என்று. ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்குத் தடய அறிவியல் நிபுணர் நேரில் வரவேண்டும் என்று 176-வது பிரிவில் சேர்த்தார்கள், அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருட அவகாசம். எல்லாம் நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. போனில் என் சித்தி மகனிடம் இந்த வீடியோ விஷயத்தைக் கேட்டேன். ஆமாம் அண்ணே, இப்போதெல்லாம் எடுக்கிறார்கள் என்றான், கான்ஸ்டபிள் ஒருவர் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம், புதரிலிருந்து அரிவாளை எடுப்பது, துடைக்காமல் பேப்பரில் சுற்றுவது, லேபிள் ஒட்டுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் தெளிவாக வந்துவிடுமாம். காலையில் ஸ்டேஷனில், அந்தத் தகவலைச் சொல்கிற நேரத்தில் எடுப்பார்களா என்று கேட்டேன்.

“அது பொருள் எடுக்கிற இடத்துக்குத்தானே அண்ணே” என்றான்.